கத்திரிக் கால், தக்காளித் தலை

— இல்லீங்க, இன்னொரு தடவை எண்ணிடுவோம். இடது பாத்தியில எத்தனைன்னு சொன்னீங்க?

— நட்ட நூத்திருபதுல நூத்திப் பதினாறு. மேடம், மூணு தடவை எண்ணியாச்சு. நாம எண்ண எண்ண அது கூடப் போகுதா, குறையப் போகுதா?

— குறைஞ்சிருந்தா சந்தோஷப்படுவேன்.

— கேட்டியா இந்தக் கூத்தை? செடி சாகலையேன்னு கவலைப்படுற ஆபீசரை இப்பத்தான் பாக்குறேன்.

— வெயில்ல நிக்க வச்சே பேசிக்கிட்டு இருக்கீங்களே, முதல்ல அந்தம்மாவுக்கு ஒரு வாய் தண்ணி குடுங்க.

— தண்ணி இருக்கட்டும் அக்கா, நீங்களும் கேளுங்க. வலது பாத்தியில இருக்குறது எங்க லேப்ல இருந்து வந்த ஒட்டுச்செடி. கீழ காட்டுக் கத்திரியோட வேர், மேல தக்காளி. அந்த வேரை வாடல் நோய் தொடாது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆராய்ச்சி நிலையத்துல வருஷக்கணக்கா பாத்துப் பாத்துக் கண்டுபிடிச்சது. இடது பாத்தியில நீங்க எப்பவும் போடுற சாதாத் தக்காளி, ஒப்பிட்டுப் பாக்குறதுக்காக. இந்த மண்ணுல சாதாத் தக்காளி பூக்குறதுக்குள்ள செத்துடுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

— நாந்தான் சொன்னேன். காலையில ஜம்முனு நிக்கும், சாயங்காலம் பாத்தா தலை தொங்கிடும். மூணு வருஷமா இதே கதை. பக்கத்து வயல்காரன் போன வாரம்தான் மொத்தத்தையும் பிடுங்கி எறிஞ்சான்.

— அப்புறம் இது மட்டும் ஏன் சாகல?

— கைராசி மேடம். சும்மா சொல்லக் கூடாது, நான் ஒரு குச்சிய நட்டாலும் துளிர்க்கும்.

— ஆமா, பெரிய கைராசி. நட்ட அன்னைக்கு அந்தக் கை ஆஸ்பத்திரியில உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்துச்சு.

— என் கூடப் பொறந்தவளுக்கு ஆபரேஷன், போகாம இருக்க முடியுமா? ஆனா போறப்பவே சொல்லிட்டுத்தான் போனேன். இது சர்க்கார் சோதனை, மேடம் வந்து எண்ணுறப்ப ஒரு செடி குறைஞ்சாலும் அடுத்த தடவை நம்ம வாசப்படி மிதிக்க மாட்டாங்கன்னு.

— ஒரு நிமிஷம். நடவு நடந்தப்ப நீங்க இங்க இல்லையா? நோட்டுல உங்க கையெழுத்து இருக்கே.

— வந்த பிறகு போட்டேன். இருபத்தி ரெண்டு நாள் கழிச்சு வந்தேன், ரெண்டு பாத்தியும் சும்மா தளதளன்னு இருந்துச்சு.

— அப்போ எல்லாத்தையும் பாத்துக்கிட்டது அக்காவா? அக்கா, இடது பாத்திக்கு ஏதாவது மருந்து அடிச்சீங்களா?

— இல்ல.

— மண்ணை மாத்தினீங்களா? வேற வயல்ல இருந்து கொண்டுவந்து கொட்டினீங்களா?

— அம்புட்டு மண்ணைத் தூக்க எனக்கு என்ன பத்துக் கையா இருக்கு?

— பின்ன எப்படி? இதுக்கு ஒரு காரணம் இருக்கணுமே. இதை இப்படியே எழுதினா, ஒட்டுச்செடிக்கும் சாதாச் செடிக்கும் வித்தியாசமே இல்லன்னு ஆயிடும். இந்த ஊருக்கு ஒட்டுச்செடியே தேவையில்லன்னு மூடிட்டுப் போயிடுவாங்க. ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாத்துடுறேன்.

— மேடம், மேடம். காய் பிடிச்ச செடி. பிடுங்கச் சொன்னா கை வராது.

— சரி, பிடுங்கல. அடியில மண்ணை விலக்கியாவது பாக்குறேன்.

— எதுக்கு மேடம் சேலையெல்லாம் மண்ணாக்கிக்கிட்டு?

— ஏன் அக்கா தடுக்குறீங்க? விரல் நீளம்தான் தோண்டுறேன்... இது என்ன தழும்பு? கீழ தண்டு கத்திரித் தண்டு மாதிரில்ல இருக்கு. முள்ளுகூட இருக்கு. இது என்ன, செவப்புக் கோடு போட்ட பிளாஸ்டிக்?

— ஜூஸ் உறியுற குழாய்.

— இதை யாரு இங்க சொருகினது?

— நாந்தான்.

— நீயா?

— நான்தாங்க. நூத்திருபதுக்கும் ஒட்டு கட்டிட்டேன்.

— அடிப்பாவி. ஒரு வார்த்தை சொல்லலையே என்கிட்ட.

— சாகும்னு தெரிஞ்சுக்கிட்டே ஒரு செடிய எப்படி மேடம் குழி தோண்டி வைக்குறது? ஒப்பிட்டுப் பாக்கன்னு சொன்னீங்க, புரியுது. ஆனா நாத்தைக் கையில எடுத்தா மனசு வரல.

— காட்டுக் கத்திரி உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?

— உங்க ஆபீஸ்ல பயிற்சி நடந்த அன்னைக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் அந்த விதை குடுத்தீங்களே. இவரு மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு என்னை அனுப்பி வச்சாரு. வீட்டுக்குப் பின்னாடி போட்டேன், முளைச்சிடுச்சு.

— அங்க ஒட்டு கட்டக் கத்துக்குடுக்கலையே. வீடியோ மட்டும்தானே போட்டோம்? அதுவும் வேற நாட்டு வீடியோ.

— அதுல ஒரு பொண்ணு வெட்டிக் காட்டினா. அவ பேசின பாஷை ஒண்ணும் புரியல, கை புரிஞ்சுது. நான் தைக்குறவ மேடம். சாய்வா வெட்டின துணி ஒண்ணோட ஒண்ணு எப்படி உக்காரும்னு எனக்குத் தெரியாதா? பிளேடால ரெண்டு தண்டையும் ஒரே சாய்வுல வெட்டி, குழாயக் கீறி மாட்டிவிட்டேன்.

— வெட்டின பிறகு ஏழெட்டு நாள் இருட்டும் ஈரமும் வேணுமே. எங்க லேப்ல அதுக்குன்னு தனி அறையே கட்டியிருக்கோம்.

— குளியலறை இருக்குல்ல. ஜன்னல்ல போர்வையப் போட்டு, சுவரெல்லாம் ஈரத்துணியத் தொங்கவிட்டேன். நான் குழாயடியில குளிச்சுக்கிட்டேன்.

— ஓ, அதான் நான் வந்தப்ப குளியலறை சுவரெல்லாம் மண்ணா? பூனை புகுந்து உருட்டிடுச்சுன்னு சொன்னே.

— பின்ன, பூனையா வந்து இல்லன்னு சொல்லப் போகுது?

— அக்கா, எத்தனை கட்டினதுல எத்தனை போச்சு?

— இந்தப் பாத்திக்கு நூத்தி இருபத்தாறு கட்டினேன். ஆறு போச்சு.

— ஆறுதானா? லேப்ல நூறு கட்டினா பதினஞ்சு போகும். எனக்கே போகும்.

— அவ கை அப்படி மேடம். சும்மா சொல்லக் கூடாது.

— இப்ப அவ கையா? சத்த நேரம் முன்னாடி யாரோட கைராசின்னு பேச்சு ஓடுச்சு?

— சரிம்மா, விடு. மேடம், இப்ப சோதனை என்ன ஆகும்? தப்பாயிடுச்சா?

— ஒப்பிடுறது போச்சு, அது உண்மை. ஆனா பக்கத்து வயல்ல சாதாத் தக்காளி செத்திருக்குல்ல, அதை வச்சு ஒட்டு கட்டுறது பலிக்குதுன்னு சொல்லிடலாம். மேலிடத்துல கேக்குறது இன்னொண்ணு. ஒட்டுச்செடியை லேப்லயே கட்டி, ஆறு மணி நேரம் வேன்ல அனுப்பினா தாங்குமான்னு. தாங்கும்னா அடுத்த பட்டத்துல இருந்து ஊர் ஊரா வேன்தான். தாங்காதுன்னா இந்தப் பக்கமே ஒரு நாற்றுக்கூடம் கட்டி, இங்க இருக்குறவங்களையே கட்ட வைக்கணும். முடிவை நாளைக்கு எடுக்குறாங்க. வலது பாத்தியில நூத்திருபதுக்கு நூத்திப் பதினெட்டு நிக்குது. தாங்கும்னு எழுதிடுறேன்.

— எழுதுங்க மேடம். வேன் வந்தா எல்லாருக்கும் நல்லதுதானே?

— எழுதிட்டீங்களா மேடம்?

— எழுதிக்கிட்டே இருக்கேன் அக்கா. ஏன்?

— பக்கத்து வயல்காரருக்கும் இதே வேன்லதான் வருமா?

— எல்லாருக்கும் அதேதான். ஆயிரக்கணக்குல.

— ஏங்க, ஒரு செடி குறைஞ்சாலும் அவங்க வர மாட்டாங்கன்னு சொன்னீங்கல்ல, அது நெஜமா?

— இப்ப எதுக்கு அது? நல்லபடியா முடிஞ்சாச்சு, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு.

— இருக்க முடியலீங்க. மேடம், பேனாவக் கொஞ்சம் கீழ வையுங்க. வலது பாத்தியிலயும் மண்ணை விலக்கிப் பாருங்க.

— அங்க என்ன பாக்க? அது எங்க லேப் செடி, ஒட்டைப் பிடிக்குற எங்க கிளிப்புதான் இருக்கும்.

— பாருங்களேன்.

— ...இதுலயும் செவப்புக் கோடு.

— வேன் கதவத் தொறந்தப்பவே நூத்திருபது தலையும் கருகித் தொங்கிப் போயிருந்துச்சு மேடம். கால் மட்டும்தான் உங்க லேப்போடது. தலை அத்தனையும் நம்ம நாத்துல வெட்டி நான் வச்சது.