சத்தம் கழற்றிய வண்டி

பெட்ரோல் வண்டிமேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, சௌந்தரராஜன் சார். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்தபோது ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்த பைக். பவானிபூரிலிருந்து சால்ட் லேக் ஆபீஸுக்கு மழையென்றும் வெயிலென்றும் பாராமல் வருஷக்கணக்கில் ஓடியது. தமிழ் தெரிந்தவர் வேண்டுமென்று போலீஸ் ஸ்டேஷனில் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பண்டிகை நாளில் உங்களுக்கு வீண் அலைச்சல். நான் நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் இன்ஸ்பெக்டருக்கு நிதானமாகவே சொல்லுங்கள்.

அந்த வண்டியில் ஒரே ஒரு கோளாறு. சைலன்சர் கெட்டுப்போய், தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் எங்கள் மாடிவரை கேட்கும். என் மனைவி மாதங்கி இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைவிட வங்காள மொழிதான் அவளுக்குச் சரளம். கீழ் வீட்டுப் பெண்மணியை, இந்த ஊர் வழக்கப்படி அண்ணி முறை வைத்து, பௌதி என்று கூப்பிடுவாள். சாயங்காலமானால் இரண்டு பேரும் எங்கள் சமையலறையில் டீயும் கையுமாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் படியேறி வருவதற்குள் பௌதி இறங்கிப் போயிருப்பாள். மாதங்கியின் முகம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கும். "காபி போடட்டுமா?" என்பாள். அதோடு சரி.

கட்டிய மனைவி சிரிப்பதைக் கேட்க ஒரு புருஷனுக்கு ஆசை இருக்கக் கூடாதா? ஆசை என்றே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சந்தேகம் என்று எழுத வேண்டாம். நான் அந்த மாதிரி ஆள் இல்லை.

ஹவுராவில் தபன் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறான். பெட்ரோல் வண்டிகளை எலெக்ட்ரிக்காக மாற்றிக் கொடுப்பதுதான் அவனுக்குத் தொழில். எஞ்சினை இறக்கிவிட்டு அந்த இடத்தில் பேட்டரியை வைத்தான். மோட்டாருக்கு இரண்டு வழி சொன்னான். நடுவில் வைத்துச் செயின் போட்டுச் சக்கரத்தைச் சுற்ற வைக்கலாம், இல்லாவிட்டால் பின்சக்கரத்துக்குள்ளேயே வைத்துவிடலாம். செயின் கொஞ்சம் சலசலக்கும் என்றான். அப்படியானால் சக்கரத்துக்குள்ளேயே வை என்றேன். கடைசியில் முன்பக்கம் சின்னதாக ஒரு டப்பாவைப் பொருத்தினான். வண்டி மெதுவாகப் போகும்போது அது ரீங்காரம் போடுமாம், தெருவில் நடக்கிறவர்கள் தெரிந்து ஒதுங்குவதற்காக. அதைக் கழற்றச் சொன்னேன். "தாதா, இது ஒண்ணும் பேட்டரியைத் தின்னாது. இருந்துட்டுப் போகட்டுமே" என்றான், அண்ணன் முறை வைத்து, அவன் பாஷையில். எவ்வளவு சொல்லியும் கழற்ற மறுத்துவிட்டான். வீட்டு வாசலில் நிறுத்தி நானே ஸ்குரூ டிரைவரால் கழற்றினேன்.

ஆபீஸில் கைகுலுக்கினார்கள். புகையில்லாத வண்டி, எல்லோரும் உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் மேலதிகாரி.

முதல் நாளே படியில் பாதி ஏறும்போது அந்தச் சிரிப்பு கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கேட்காத சிரிப்பு. அப்படியே நின்றேன். மாதங்கி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, என் குரலில், "காபியில சர்க்கரை போட்டியா, இல்ல மறந்து போச்சா?" என்று நடித்துக்காட்டினாள். பௌதிக்கு மூச்சு வாங்கியது. நன்றாகத்தான் நடித்தாள். எனக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் வரவில்லை.

உள்ளே போய் நின்றேன். மாதங்கி கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. "எப்ப வந்தீங்க? வண்டிச் சத்தமே கேக்கலையே" என்றாள். டம்ளரை எடுத்து மேடைமேல் வைத்தேன். அதற்குப் பிறகு பௌதி மேலே வருவதில்லை. வராதே என்று நான் சொன்னதும் இல்லை.

அப்புறம் ஒரு நாள் மதியம் வந்தேன். ஒரு நாள், ஆபீஸுக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்தேன். வந்து சத்தமில்லாமல் பின்னால் நிற்பேன், அவ்வளவுதான். மாதங்கி வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலிலேயே நிற்க ஆரம்பித்தாள். போனில் பேசுவதை விட்டாள். அப்பளம் பொரிக்கும்போது ஒரு நாள் என்னைத் திரும்பிப் பார்த்துத் துள்ளியதில் எண்ணெய் கையில் கொட்டிவிட்டது. நான்தான் மருந்து போட்டேன். "கீழேருந்து ஒரு குரல் குடுத்துட்டு வாங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது" என்று அழுதாள். "தப்புப் பண்ணாதவளுக்கு எதுக்குப் படபடப்பு?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே, சார்? இன்றுவரை அவள் மேல் நான் கை வைத்ததில்லை.

இந்த வருஷம் கொலு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கண்டவர்களும் வீட்டுக்குள் வருவார்கள். அவள் வாதாடவில்லை, பொம்மைப் பெட்டி பரணிலேயே இருந்தது. ஆபீஸ் காலண்டரைப் பார்த்தே பழகிப்போனதில், துர்கா பூஜை என்றால் எனக்கும் இந்த ஊர்க்காரர்கள் மாதிரி ஆறாம் நாள் சஷ்டியிலிருந்துதான். நம் நவராத்திரி முன்னாலேயே பிறந்துவிட்டது என் மண்டையில் ஏறவில்லை. அது என் பிழைதான். ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று விளக்கு வைக்கிற நேரம். சந்தில் திரும்பினால் எனக்கு முன்னால் மாதங்கி, மெட்ரோ ஸ்டேஷன் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, தோளில் பிதுங்கி வழிகிற பெரிய பை. காதில் போனை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போகிறாள். வீட்டை விட்டே கிளம்பிவிட்டாள் என்று எனக்குப் பட்டது. யார் பார்த்தாலும் அப்படித்தான் படும்.

அந்தப் பையை இன்ஸ்பெக்டர் மேசைமேல் கவிழ்த்துக் காட்டினார். தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணிகள், டப்பாவில் கொண்டைக்கடலைச் சுண்டல். இரண்டு மூன்று வீட்டுக் கொலு பார்த்து வாங்கிய தாம்பூலம். போனில் பேசியது உங்கள் வீட்டம்மாதானாம். சீக்கிரம் வா, நீ வந்தால்தான் பாட்டு என்று கூப்பிட்டார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா என்கிறீர்கள். விட்டிருக்க மாட்டேன்.

பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடும்படி என் வக்கீல் நச்சரிக்கிறார். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஒதுங்கிப் போகச் சந்தில் தாராளமாக இடம் இருந்தது. நான் முன்விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பிடியை முழுசாகத் திருகினேன். பெட்ரோல் வண்டி உறுமிக்கொண்டுதான் வேகமெடுக்கும். இது திருகியதும் பாயும். முதுகில் இடித்தது. அவள் திரும்பவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. கொன்றது நான்தான். தெரிந்தேதான் செய்தேன்.

ஹார்னாவது அடித்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கண் கலங்காதீர்கள், சார், சொல்கிறேன். ஹார்ன் நன்றாகத்தான் வேலை செய்தது. அடித்திருந்தால் ஒதுங்கியிருப்பாள், என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தியிருப்பாள். அவள் சிரித்துக்கொண்டே இருக்கட்டும் என்றுதான் அடிக்கவில்லை.