ரோஜா வைத்த பக்கம்

நான் இதுவரை ஒரு செடியும் நட்டதில்லை, ஐயா. மண்ணைத் தொட்டால் நகத்தில் அழுக்கு ஏறும். அந்த நகத்தோடு புத்தகத்தைத் தொட முடியாது. நான் சேர்ப்பது பெரிய தோட்டங்களை அமைக்கும் கலையைப் பற்றிய பழைய, அபூர்வமான புத்தகங்கள். ஏரியை எங்கே வெட்டுவது, நடைபாதையை எப்படி வளைப்பது என்று கையால் வண்ணம் தீட்டிய படங்களோடு இருக்கும். சில படங்களின் மேல் காகித மடிப்பு ஒன்றை ஒட்டியிருப்பார்கள். மூடியிருந்தால் பொட்டல், தூக்கினால் தோட்டம். நான் தூக்குவதில்லை. மடிப்பு தளர்ந்துவிடும்.

என் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டுக்கு யார் வந்தாலும், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க? எங்க வீட்டைப் பாத்துட்டுத்தான் சொல்லியிருப்பாங்க" என்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். கல்யாணமான நாளிலிருந்து பின்பக்கம் நாலு செடி வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சுவரில் ஈரம் ஏறும் என்று தட்டிக் கழித்து வந்தேன்.

புத்தக அறையைப் பற்றிக் கேட்டீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் பீய்ச்சக் கூடாது, புத்தகம் ஊறிப்போகும். அதனால் அறை முழுக்கக் கரியமில வாயுவை நிரப்பித் தீயை அணைக்கும் ஏற்பாடு செய்திருந்தேன். பொத்தானும் தாழ்ப்பாளும் வெளியே. உள்ளே ஆள் இருந்தால் அழுத்தவே கூடாது என்று பொருத்தியவர் படித்துப் படித்துச் சொன்னார்.

நான் பைண்டிங்காரரைப் பார்க்க வெளியூர் போயிருந்த வாரங்களில், என்னிடம் இருப்பதிலேயே அரிதான புத்தகத்தைப் பார்த்து, சமையலறைக்குப் பின்னால் வட்டமாக ஒரு பாத்தி கட்டியிருக்கிறாள். முதல் ரோஜா பூத்ததும் அந்தப் படத்தின் மேலேயே வைத்துப் புத்தகத்தை மூடியிருக்கிறாள். திரும்பி வந்த அன்று மாலை என்னை அறைக்குள் அழைத்துப் பிரித்துக் காட்டினாள். சாறு இறங்கி, பக்கம் முழுக்கக் கறை.

"படத்துல இருக்கற மாதிரியே வந்துருச்சுங்க. வந்து ஒரு தடவை பாருங்களேன்."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் செடி என்றால் மறுபடியும் பூக்கும். அலமாரியில் இன்னும் எத்தனையோ புத்தகங்கள் இருந்தன.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தாழ்ப்பாளைப் போட்டேன். பொத்தானை அழுத்தினேன்.

"என்னங்க, கதவு மாட்டிக்கிச்சு. வெளியில இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது. தட்டல் நிற்கும்வரை அங்கேயே நின்றேன்.

எனக்குப் பெண்டாட்டி மேல் பாசமே இல்லை என்று மச்சான் உங்களிடம் சொன்னாராம். அது அபாண்டம். கறைபட்ட அந்தப் புத்தகத்தை இனி எந்தச் சேகரிப்பாளனும் சீந்தமாட்டான். இருந்தும் அவள் ஞாபகமாக நான் அதை வைத்திருக்கிறேன். ரோஜாவைத்தான் எறிந்துவிட்டேன். அது சாதாரண ரோஜா, ஐயா. எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்.