மதினி கேட்ட ஜன்னல்

உங்கள் ஸ்டேஷன் டீயில் லேசாகப் புகை வாடை அடிக்கிறது, ஐயா. குறையாக நினைக்காதீர்கள். பின்னால் அந்தக் கொட்டகையில் அடுப்பை வாசலுக்கு நேராகப் போட்டிருக்கிறார்கள். காற்று தள்ளினால் புகை பாலில்தான் இறங்கும். அடுப்பை ஒரு முழம் நகர்த்தி, மேலே ஒரு மண்குழாயை ஏற்றிவிட்டால் தீர்ந்தது. பல வருஷமாக இதைத்தான் ஊர் ஊராகச் சொல்லித் திரிகிறேன். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். ஆட்டிவிட்டுப் பழைய இடத்திலேயே பற்றவைப்பார்கள்.

நீங்கள் கேட்டது இருளாயி மதினி சமாச்சாரம். வருகிறேன். என்னை என் போக்கில் விட்டால் ஒன்றும் விடுபடாது.

என் பெயர் தவசி. ஆரப்பாளையத்தில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. தவழ்ந்த நாளிலிருந்து பேரச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவன். கடைக்கு வரும் பெண்கள் எல்லோருக்கும் ஒரே புலம்பல்: அடி கரியாகிறது, தேய்த்துத் தேய்த்துக் கை போகிறது. அப்பா அதற்கு இன்னும் கனமான பானையை எடுத்துக் காட்டுவார். எனக்குத் தோன்றியது வேறு. பானையில் என்ன குற்றம், அடுப்பை அல்லவா திருத்த வேண்டும். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அடுப்படி கட்டுகிறவன் ஆனேன். சாதிசனம் சிரித்தது. ஆம்பளைக்கு அடுப்படியில் என்ன வேலை என்றார்கள். சிரிப்பு எனக்குப் புதிதில்லை.

விளாங்குடியில் இருளாயி மதினியின் புருஷன் மொக்கையண்ணன் எனக்குப் பங்காளி முறை. அவர் வீட்டுக் கொல்லையில் தனியாக நின்ற பழைய அடுப்படியை எனக்குக் கொடுத்தார். செலவு என்னுடையது, அனுபவிப்பது அவர்கள். இதைவிட நியாயமான ஏற்பாடு இருந்தால் சொல்லுங்கள்.

நீங்களும் போய்ப் பார்த்திருப்பீர்கள். பிணத்தைப் பார்க்கப் போனவர்கள் சுவரைப் பார்த்தீர்களோ என்னவோ. மேல்தளத்துக்குள் மண் குவளைகளை வரிசையாகக் கவிழ்த்து அதன்மேல் சுண்ணாம்புக் காரை போட்டிருக்கிறேன். சித்திரை வெயிலுக்கு உள்ளே குளுகுளு என்று இருக்கும். வெளிச்சத்துக்கு மேலே திறக்க முடியாத கண்ணாடி பதித்தேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் மணலும் கரித்தூளும் போட்ட தொட்டியில் வடிந்து வாழைக்குப் போகும். அடுப்புக்கு இரண்டு வாய், பாதி விறகு போதும். விறகு குறைந்தால் கண்மாய்க்கரைக் கருவேலம் பிழைக்கும். புகைக்குழாயை விளாச்சேரி பேயாண்டி சுட்டுக் கொடுத்தான். உச்சியில் மயில் ஒன்று, புகை அதன் கொண்டை வழியாகப் போகும். குழாயின் கழுத்தில் இழுத்து மூடுகிற மாதிரி ஒரு தட்டும் வைத்தேன்.

சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. அதை அடைத்தேன். எதிர்க்காற்று வந்தால் குழாய் இழுக்காது என்பது ஒரு காரணம். இன்னொன்று, படம் வரைய முழுச் சுவர் தேவைப்பட்டது. சினிமா பேனர் வரைகிற ஆளைக் கூட்டிவந்து, சுண்ணாம்பிலும் காவியிலும் ஒரு பெண் பால் காய்ச்சுவதுபோல வரையச் சொன்னேன். அவனுக்கு வருகிற முகம்தானே வரும். கதாநாயகி மாதிரி ஒருத்தி சிரித்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் இருந்த இடத்தில் சரியாக அவள் முகம்.

மதினி முதல் நாளே இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டது, “இவ யாரு கொழுந்தனாரே, என் அடுப்படியில வேலைவெட்டி இல்லாம நின்னு சிரிக்கிறா? உங்கண்ணனுக்கு ரெண்டாந்தாரம் பாத்துட்டீகளா?”

நானும் சிரித்தேன். வாய்க்காரி என்று தெரியும். ஆனால் அன்று தொடங்கியது. ஜன்னல் எங்கே, ஜன்னல் எங்கே என்று வாரம் தவறாமல் கேட்கும். அதன் வழியாகத்தான் மாட்டைப் பார்க்குமாம், வேலிக்கு அந்தப் பக்கம் முத்துத்தாயிடம் இரண்டு வார்த்தை பேசுமாம். நான் காற்றின் கணக்கைச் சொல்வேன். அது மாட்டின் பெயரைச் சொல்லும்.

ஜன்னலைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், ஐயா. மெழுகுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தால் சாணமும் செம்மண்ணும் கரைத்து அடுப்பை மெழுகிக் கோலம் போடாமல் நம் பெண்கள் பற்றவைக்க மாட்டார்கள். வெளியே மெழுகினால் சரி. மதினி கையை உள்ளே விட்டு மெழுகும். உள்ளே புகை திரும்புகிற துவாரம் ஒன்று இருக்கிறது, உள்ளங்கை அகலம். அந்த அகலத்தில்தான் என் வித்தை முழுவதும். வாரம் ஒரு பூச்சு ஏறி ஏறி அது எலி வளை மாதிரி ஆகிவிட்டது.

“மதினி, உள்ள மெழுகாதீக. வெளிய மட்டும் போதும்.”

“ஏன், மூஞ்சியக் கழுவுறவக வாயைக் கொப்புளிக்காம விடுவாகளா?”

நான் சுரண்டிவிட்டு வருவேன். அடுத்த வெள்ளி மெழுகிவிடும். அடுப்பு மேட்டில் வழவழவென்று சிவப்பு ஓடு பதித்துப் பார்த்தேன், ஓட்டில் சாணம் ஒட்டாது என்று. ஒட்டியது. அந்தச் சிவப்பு ஓடு வெளியே தெரிந்த நாள் குறைவு.

சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. மாவட்டத்துக்கு ஒரு மாதிரி அடுப்படியைத் தேர்ந்தெடுத்து, அதையே கிராமம் கிராமமாகக் கட்டுவதாக ஏற்பாடு. என் மயில் ஊரெல்லாம் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு நாள் முன்பே போய்ச் சுரண்டிவிட்டு வந்திருந்தேன். வந்தவர்கள் முன்னால் பற்றவைத்தால் புகை முழுவதும் அடுப்பு வாய் வழியாக எங்கள் முகத்துக்கே வந்தது. ராத்திரியோடு ராத்திரியாக, விருந்தாள் வருகிறார்கள் என்று மதினி ஒரு பூச்சு கூடுதலாகப் போட்டிருக்கிறது. குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “புகையில்லா அடுப்புன்னீங்க, கொடைக்கானல் மாதிரி இருக்கே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மதினியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது.

அந்தச் சிரிப்பை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

குழுவில் ஓர் அம்மா இருந்தார். இன்னொரு தடவை வந்து பார்க்கிறோம் என்றார். மதினி பக்கம் திரும்பி, “அடுத்த தடவை உங்களைத்தாம்மா முதல்ல கேப்போம். சமைக்கிறவங்க சொல்றதுதான் எங்களுக்கு முக்கியம்” என்றார்.

“வாங்கம்மா, ஜன்னல் கதையிலருந்து சொல்றேன்” என்றது மதினி.

எனக்குப் பேரம் பேசத் தெரியும். மறுநாளே போய் உட்கார்ந்தேன். புதுச் செம்பு அண்டா தருகிறேன் என்றேன். சேலை என்றேன். மெழுகுவதைப் பற்றிக்கூட வாய் திறக்கவில்லை, அன்றைக்கு ஒரு நாள் நல்ல வார்த்தை சொன்னால் போதும் என்றேன். மதினி வெற்றிலையை மடித்துக்கொண்டே, “எனக்கு ஜன்னலத் தொறந்து குடுங்க. நீங்க சொல்லிக் குடுக்குறத அப்படியே கிளி மாதிரிச் சொல்றேன்” என்றது.

நியாயமான விலைதான். ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை. ஆனால் திறந்தால் படத்தில் முகம் போய்விடும். முகமில்லாத பெண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு நான் யாருக்கு என்ன காட்டுவது? அதுதான் பேரம் படியவில்லை.

குழு வருவதாகச் சொன்ன நாள் வெள்ளிக்கிழமை. என் நேரத்தைப் பாருங்கள். காலையில் போய்ப் பார்த்தால் துவாரத்தில் ஈரச் சாணம் மின்னுகிறது. மொக்கையண்ணன் அவனியாபுரத்துக்குக் காளை பார்க்கப் போய்விட்டார். எனக்குக் கோபமே வரவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று முன்பே தெரிந்து ஒரு மூட்டை அடுப்புக்கரி கொண்டுபோயிருந்தேன். கரியில் புகை வராது. சுவர் கறுக்காது. யாரும் கண்ணைத் துடைக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் எங்கள் கடைக்கு ஈயம் பூச ஓர் ஆள் வருவார். ஒரு மழைநாளில் கரி உலையைச் சரக்கு வைக்கிற கிட்டங்கிக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா போய்ப் பார்த்தால் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். வெளியே இழுத்துப் போட்டு விசிறினோம். எழுந்து ஒரு சோடா குடித்துவிட்டு, தலை கனக்கிறது என்றார். அவ்வளவுதான். ஆகவே எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் ஓர் அளவு இருக்கிறது. எனக்கு வேண்டியது அரைத் தூக்கம். கேட்ட கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டுகிற அளவுக்கு ஒரு மந்தம்.

இரண்டு வாயிலும் கரியை நிரப்பிக் கனிய வைத்தேன். மதினி பாலை ஏற்றியது. திண்டுக்கல் ரோட்டுப் புழுதி பாலில் விழும் என்று கதவைச் சாத்தச் சொன்னேன். அதுவும் சரியென்றது, விருந்தாளிக்குப் பால் என்றால் மதினி சுத்தம் பார்க்கும். கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் ஈரச் சாக்கு வைத்தேன், புழுதிக்காகத்தான். குழாயின் தட்டையும் இழுத்து மூடியிருந்தேன். கரிக்குத்தான் புகையில்லையே, சூடு எதற்கு வீணாகப் போக வேண்டும்.

வெளித் தாழ்ப்பாளைப் போட்டதும் நான்தான். காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளக் கூடாது என்று போட்டேன்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். வரவில்லை. சர்க்கார் ஜீப் எந்தக் காலத்தில் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது? நான் என் கணக்கை அவர்கள் சொன்ன நேரத்துக்குப் போட்டிருந்தேன். வரும் வழியில் டிபன் சாப்பிட இறங்கியிருக்கிறார்கள், பிறகு தெரிந்தது. நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். உள்ளேயிருந்து, “கொழுந்தனாரே, தலையச் சுத்துது, கதவத் தொறங்க” என்று கேட்டது. இதோ வந்துவிட்டார்கள் மதினி என்றேன். பிறகு தட்டுகிற சத்தம். பெரிய சத்தமில்லை, பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல. அப்புறம் அதுவும் இல்லை. பால் பொங்கித் தீய்கிற வாடை வந்தது. அப்போது திறந்தால் மதினி வெளியே வந்து காற்று வாங்கித் தெளிந்துவிடும், தெளிந்தால் பேசும். ஜீப் சத்தம் கேட்கும்வரை பொறுத்தேன்.

சத்தம் கேட்டதும் திறந்தேன். சாக்கை எடுத்தேன், தட்டைத் திறந்தேன், பனைவிசிறியால் விசிறினேன். தரையில் கிடந்த மதினியைத் தூக்கி, படத்துக்குக் கீழே சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். தலையைச் சரித்து முந்தானையை இழுத்துவிட்டேன். மூச்சு இருந்தது. நன்றாகத் தெரிந்தது, தாலிக்கயிறு ஏறி இறங்கியது.

குழு உள்ளே வந்தது. புகையில்லை. சுவரில் ஒரு பொட்டுக் கரியில்லை. கண்ணாடி போட்டவர் சுவரைத் தடவி விரலைப் பார்த்துக்கொண்டார். பாவம், வெள்ளிக்கிழமை விரதம், அசந்துவிட்டது என்றேன். எழுப்பப் போன என் கையை அந்த அம்மாவே தடுத்தார். “வேணாங்க, தூங்கட்டும். அடுப்படியில ஒரு பொம்பளை நிம்மதியாத் தூங்குறத இப்பத்தான் பாக்குறேன்” என்றார். முகத்தில் என்ன ஒரு தெளிவு, உதடு வெற்றிலை போட்டதுபோலச் சிவந்திருக்கிறதே என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். எல்லோரும் மதினிக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவ்வளவு மரியாதையாக என் வேலையை யாரும் பார்த்ததில்லை.

வெளியே தூக்கிப் போட்டு விசிறியிருந்தால் ஒருவேளை எழுந்திருக்கும். ஒருவேளை என்று ஏன் சொல்கிறேன், எழுந்திருக்கும். எனக்குத் தெரியும். ஆனால் நான் மேல்தளத்துக் குவளைகளை விளக்கிக்கொண்டிருந்தேன், அவர்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கழுவுநீர்த் தொட்டியைக் காட்டுவதற்காகத் திரும்பியபோது பார்த்தேன், தாலிக்கயிறு அசையவில்லை. அவர்களைக் கொல்லைப் பக்கம் வாழையைப் பார்க்கக் கூட்டிப்போனேன். மயிலைக் கடைசியாகக் காட்டினேன், போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஆமாம், ஐயா. தெரிந்துதான் செய்தேன், தெரிந்துதான் விட்டேன். ஜீப்பில் ஏறும்போது அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்த வீட்டு அம்மாவுக்கு இந்த அடுப்படி பிடித்திருக்கிறதா என்று. ரொம்பப் பிடித்திருக்கிறது என்றேன். அதில் மட்டும் பொய் என்று எழுதிவிடாதீர்கள். அன்றைக்கு முழுக்க மதினி அதைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.