முன் கண்ணாடியில் ஒரு நம்பர்

நள்ளிரவு தாண்டிய நேரம். நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கத்திச் சொல்கிற கதை இல்லை இது. என்னோடு வேலை பார்ப்பவருடைய மைத்துனருக்கு நடந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஆசை ஆசையாக எலெக்ட்ரிக் கார் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து மனிதருக்கு நிம்மதி போயிற்று.

காரில் ஒரு குறையும் இல்லை. சார்ஜ் போடத்தான் இடமில்லை. அவர் இருப்பது அடுக்குமாடியில், மூன்றாவது மாடி. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரே ஒரு பிளக் வைத்துக்கொள்ளச் சங்கச் செயலாளரிடம் நடையாய் நடந்தார். "எல்லாருக்கும் குடுத்தாதான் உங்களுக்கும்" என்று அந்த ஆள் கையை விரித்துவிட்டார். வேறு வழி? சமையலறை ஜன்னல் வழியாக ஒயரைத் தொங்கவிட்டு ராத்திரி ராத்திரி ஏற்றிக்கொண்டார். அன்றைக்கும் அப்படிப் போட்டுவிட்டுத்தான் படுத்தார். மழை தூறியதும், ஷாக் அடிக்கும் என்று செயலாளர் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, புண்ணியவான்.

அந்த ராத்திரிதான் தங்கை போன் செய்தாள். புருஷனோடு சண்டை. இந்தத் தடவை கை நீட்டிவிட்டான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள் பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். கடைசி பஸ் போய்விட்டது. புருஷன் தேடிக்கொண்டு வருவதற்குள் அண்ணன் போய்ச் சேர வேண்டும்.

அவள் அந்தப் புதுக் காரைப் பார்த்ததே இல்லை. "வெள்ளைக் கார்ம்மா. வர்ற சத்தமே கேக்காது, ரோட்டையே பார்த்துக்கிட்டு நில்லு" என்று சொன்னார்.

"சீக்கிரம் வாண்ணா. போன்ல சார்ஜ் இல்ல..."

கீழே இறங்கிப் பார்த்தால் ஒயர் தரையில் சுருண்டு கிடக்கிறது. காரில் பாதிகூட ஏறவில்லை. செயலாளரின் பரம்பரையையே திட்டிக்கொண்டு கிளம்பினார். மிச்சம் பிடிக்க ஏ.சி. போடவில்லை. ஜன்னலை மூடினால் கண்ணாடியில் ஆவி படிகிறது, திறந்தால் சாரல் முகத்தில் அடிக்கிறது. இவ்வளவு பார்த்துப் பார்த்து ஓட்டியும், இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று திரையில் காட்டுகிற எண் மட்டும் மளமளவென்று இறங்கியது.

வழியில் ஒரு சார்ஜிங் நிலையம். நல்லபடியாக வேலை செய்வதாக போன் சொன்னது. போய்ப் பார்த்தால் மெஷினுக்கு உயிரே இல்லை. அடுத்ததில் மெஷினை மறைத்து ஒரு லாரி. கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம், டிரைவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. சிரிக்காதீர்கள். உங்கள் தங்கை அப்படி நின்றிருந்தால் தெரியும்.

மூன்றாவது இடம், மூடிக் கிடந்த பெட்ரோல் பங்க் ஒன்றின் பின்னால். இரண்டு மெஷின். ஒன்று செத்துப்போய்விட்டது. இன்னொன்றில் ஒரு கார் நின்றது... அதே கம்பெனி. அதே வெள்ளை. முழுக்க ஏறிவிட்டதாக மெஷின் பச்சை விளக்கு காட்டியது. ஒயரைக் கழற்ற ஆளில்லை. இவர் அதை இழுத்துப் பார்த்தார். காருக்குள் பூட்டிக்கொண்டிருந்தது.

"நீயெல்லாம் ஒரு மனுஷனாடா!" ஆளே இல்லாத காரைப் பார்த்துக் கத்தினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இந்த வண்டிக்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. சார்ஜில் போட்டுவிட்டு எங்கேயாவது போனால், முன் கண்ணாடிக்குள் போன் நம்பரை எழுதி வைப்பார்கள். அடுத்து வருகிறவர் கூப்பிட்டுக்கொள்ளலாம். அந்தக் காரிலும் இருந்தது. பழுப்பேறிய அட்டை. நம்பரை அழுத்தினார்.

ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்...

காருக்குள்ளேயே அதிர்ந்தது. டிரைவர் சீட்டில் ஒரு போன் கிடந்து மின்னியது. முன்னால் ஆளில்லை. பின்னாலும் இல்லை.

அதிர்வு நின்றது.

எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க..." ஆண் குரல்.

நீங்களோ நானோ என்றால் அப்போதே ஓட்டம் பிடித்திருப்போம். இவருக்கு இருந்த எரிச்சலில் பயம் எங்கே வரும்? எங்கிருந்தோ வேறு போனில் எடுக்கிறான், இந்தக் காலத்தில் எதுதான் முடியாது என்று நினைத்துக்கொண்டு பிடித்து விளாசினார். "ஃபுல் ஆகியும் மாட்டிட்டுப் போயிட்டீங்களே சார், நியாயமா? என் தங்கச்சி கைக்குழந்தையோட பஸ் ஸ்டாண்டுல தனியா நிக்கிறா. நான் போய்க் கூட்டிட்டு வரணும். உங்க காருக்குக் காவல் காக்கவா வந்தேன்?"

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தமே கேட்கவில்லை.

"குழந்தையா..." என்றது குரல். "பாவம். கழட்டிக்கோங்க."

டக்.

பூட்டு தானாக விட்டது. இவ்வளவு நேரம் மின்சாரம் ஓடிய ஒயர், கை விறைக்கும் அளவுக்குச் சில்லென்றிருந்தது. ஈரத்துணி கருகுகிற வாடை வேறு. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? தன் காரில் செருகினார். ஏறத் தொடங்கியது. அப்பாடா என்று சீட்டில் சாய்ந்து, ஒரே ஒரு நிமிஷம் என்று கண்ணை மூடியவர் அசந்துவிட்டார்.

விழித்தபோது பக்கத்துக் காரைக் காணோம். கிளம்பிய சத்தம் இல்லை, விளக்கு வெளிச்சம்கூட முகத்தில் படவில்லை. தொலைந்தது சனியன் என்றுதான் நினைத்தார். போக வேண்டிய தூரத்துக்கு ஏறியிருந்தது. தங்கையைக் கூப்பிட்டார். அவள் போன் அணைந்திருந்தது. அதற்குப் பிறகு மிச்சம் பிடிக்கிற நினைப்பே இல்லாமல் மிதித்தார்.

பஸ் ஸ்டாண்டு வாசலில், ஒற்றை விளக்குக்குக் கீழே தங்கை நின்றாள். காலடியில் பை. புருஷன் வந்த அடையாளம் இல்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முகத்தில் பயமில்லை, கோபம்தான்.

"வண்டியைத் திருப்ப இவ்வளவு நேரமாண்ணா? நான் பையை எடுக்கறதுக்குள்ள போயிட்டியே... கை வேற ஐஸ் மாதிரி இருந்துச்சு உனக்கு, காய்ச்சலா?"

பதிலுக்குக்கூட நிற்காமல் பின் கதவைத் திறந்தாள். இருட்டில் குனிந்து சீட்டைத் தடவினாள்.

"குழந்தைய எங்கண்ணா படுக்க வெச்சே? அழுதானா?"