ஆந்தை ஆப்பில் நாலாவது கேள்வி

— கொன்னதுதான் கொன்ன, எப்படிச் செத்தேன்னாவது ஒரு வரி எழுதக்கூடாதா?

— உங்களை யாருங்க கொன்னா? அது கதையில வர்ற பொம்பளை. காட்டுல வழி காட்டுறவ. கையில வில்லு இருக்கு, பாக்கலியா?

— பாத்தேன், பாத்தேன். வில்லு இருக்கு, நாய் இருக்கு, நாய்க்குப் பேரு கூட இருக்கு. புருஷன்கிற இடத்துல மட்டும் "இறந்துவிட்டார்". நியாயமா சொல்லு, இருபத்திரெண்டு வருஷம் கூட இருந்தவனுக்கு அந்த நாய்க்குக் கெடைச்ச மரியாதை கூடக் கெடையாதா?

— முதல்ல அந்த டேப்லெட்டை இப்படிக் குடுங்க. அது என் பக்கம். உங்களை யாரு திறக்கச் சொன்னா?

— நான் திறக்கல. நான் என் வேலையா உள்ள போனேன், அது கண்ணுல பட்டுச்சு.

— லிஃப்ட் ரிப்பேர் பண்றவருக்கு என் ஆட்டத்துக்குள்ள என்ன வேலையாம்?

— நீதானே பொலம்பின, உன் ஆட்டத்துக்கு ஒரு ஆளை உருவாக்குறதுக்கு அந்த ஆந்தைப் படம் போட்ட ஆப் உயிரை எடுக்குதுன்னு. சரி, வேற நல்லதா பாத்துக் குடுப்போமேன்னு நாலு நாளா உக்காந்திருக்கேன். நெட்ல அந்த விளையாட்டுக்காரங்க குழுவுல வேற சேந்து கேட்டேன்.

— நீங்களா? அஞ்சு பேரு மேசையச் சுத்தி உக்காந்து, ஆளுக்கொரு வேஷம் கட்டி, பகடை உருட்டிக் கதை பேசுறது வெட்டி வேலைன்னு சொன்னவரா?

— சொன்னேன். அது போன வருஷம்.

— இப்ப என்ன மாறிடுச்சு?

— இப்ப நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வர்ற. அதை விடு. இந்தா, இந்த நீல ஆப்பைப் பாரு. நெட் வேணாம். பலம், புத்தி, வேகம், எல்லாக் கணக்கும் அதுவே போட்டுக்கும். நரிப் படம் போட்ட இன்னொரு ஆப் முகம் கூட வரைஞ்சு குடுக்குது. நீ நீலத்துக்கு மாறிடு. இன்னைக்கே.

— எங்க மேசையில எல்லாரும் ஆந்தைதான். நான் மட்டும் மாறி என்ன பண்றது?

— ஆந்தையில என்ன வசதி தெரியுமா? நீ எழுதுற ஒவ்வொரு எழுத்தும் உங்க கண்ணாடிக்கடைக்காரனுக்குப் போகுது.

— காரருக்கு.

— காரருக்கு! அவரு பாக்கலாம், திருத்தலாம், பக்கத்துல குறிப்பு எழுதலாம். கட்டின புருஷனுக்கு வெறும் பாக்குற உரிமை. அதுவும் திருட்டுத்தனமா.

— அவருதாங்க ஆட்டத்தை நடத்துறவரு. எங்க பக்கத்தைப் பாக்காம எப்படி நடத்துவாரு?

— நடத்தட்டும். "இறந்துவிட்டார்"னு நீ எழுதினதுக்குக் கீழே என்ன எழுதியிருக்காரு? படிக்கட்டுமா? "அருமை. இதை எழுதத் தைரியம் வேணும்." நான் செத்ததுல அந்த மனுஷனுக்கு என்னம்மா அருமை?

— மெதுவா பேசுங்க. ஜன்னல் திறந்திருக்கு.

— அவருக்கு வீட்டுல யாரு?

— தனியாத்தான் இருக்காரு.

— அதானே பாத்தேன். மூணு மாசத்துல ரெண்டு தடவை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கிட்டு அவர் கடைக்குப் போன.

— ஒரு தடவை ஃபிரேம் மாத்த. இன்னொரு தடவை திருகு கழண்டு விழுந்துடுச்சு.

— திருகு மாட்ட நான் இல்லையா? வீடு பூரா திருகுதானே கெடக்கு!

— உங்க திருகு லிஃப்ட் கதவுக்குப் போடுறதுங்க. என் மூக்கு தாங்காது.

— சிரிக்காத. எனக்கு வயிறு எரியுது, நீ சிரிக்கிற. சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அங்க நாலு கட்டம் இருக்கு. கல்யாணம் ஆகல, ஆச்சு, பிரிஞ்சாச்சு, புருஷன் இறந்துட்டார். எதுக்கு உன் விரலு கடைசிக் கட்டத்துக்குப் போச்சு?

— ஆச்சுன்னு போட்டா புருஷனுக்கும் தனியா ஒரு பக்கம் நிரப்பச் சொல்லுது. அன்னைக்கு நேரமில்ல. அவ்வளவுதான்.

— நானும் போட்டுப் பாத்தேன். மூணே வரி. பேரு, வயசு, தொழில். மூணு வரி எழுதவா நேரமில்ல?

— நகருங்க, நான் கெளம்பணும்.

— நாய்க்கு ஆறு வரி எழுதியிருக்க. எண்ணிப் பாத்தேன்.

— நீங்க விடமாட்டீங்க.

— விடமாட்டேன்.

— சரி, உக்காருங்க. நின்னுக்கிட்டுக் கேக்காதீங்க. கடைசியா ஒரு கேள்வி வருமே, நாலாவது, பாத்தீங்களா?

— "இவர் வாழ்வில் நடந்த மிகக் கொடுமையான சம்பவம் எது?" பாத்தேன். ஏதாவது ஒண்ணு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே.

— ஆப்புக்கு ஏதாவது ஒண்ணு போதும். எங்க மேசைக்குப் போதாது. எங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்கு. நிஜத்துல நமக்கு எது நடந்துடக்கூடாதுன்னு பயமோ, அதைத்தான் அங்க எழுதணும். நம்ம ஆளுக்கு அது ஏற்கெனவே நடந்து முடிஞ்சு போச்சு. அப்பத்தான் அவ எதுக்கும் அஞ்சாம காட்டுக்குள்ள போவா. பொய் எழுதினா ஆட்டத்துல உசிரே இருக்காது. நாலாவதுக்கு நான் எழுதினதும் அதேதான், புருஷன் இறந்துட்டார்னு. அதான் அந்தக் கட்டம். இப்பவாவது புரியுதா?

— இரு. இரு. நிஜத்துல பயம்னா... உனக்கா? நான் கல்லு மாதிரி இருக்கேனே. எனக்கு என்ன?

— ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மாசமா இருமிக்கிட்டே இருந்தீங்களே, எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரியில என் ரூமுக்குத்தானே வந்தீங்க? "மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோங்க"ன்னு சொன்னேன்.

— சொன்ன. நானும் பிடிச்சேன்.

— நானும்தான் பிடிச்சேன். டாக்டருக்கு முன்னாடி நான்தானே பாக்கணும். தெனம் அம்பது நெஞ்சு பாக்குறேன், ஒரு தடவை கூடக் கண்ணை மூடினதில்ல. அன்னைக்குப் படம் திரையில வர்ற வரைக்கும் கண்ணைத் திறக்கல. படம் சுத்தமா இருந்துச்சு, அப்பத்தான் மூச்சை விட்டேன்.

— நீ ஒண்ணுமே சொல்லலியேம்மா. "சட்டையப் போடுங்க, அடுத்த ஆள் நிக்கிறாரு"ன்னுதானே சொன்ன?

— அதுக்கு மேல ஒரு வார்த்தை வந்திருந்தா, அடுத்த ஆள் முன்னாடி அழுதிருப்பேன்.

— இதையா அந்தக் கண்ணாடிக்கடைக்காரர்கிட்ட சொன்ன?

— சொன்னேன்.

— என்கிட்ட சொல்லல. ரெண்டு வருஷமா.

— அவரு கேட்டாருங்க. நீங்க கேக்கல.

— நல்லதா இருந்தாலும் எரியுதே. நான் சாகக்கூடாதுன்னு நீ பயப்படுறது, எனக்கு முன்னாடி அவருக்குத் தெரிஞ்சிருக்கே.

— அப்ப நீங்களும் வாங்க. எங்க மேசையில இருந்த பல் டாக்டர் வேலை மாறிப் போயிட்டாரு, அவர் நாற்காலி காலி. இன்னைக்குப் புது ஆட்டம் ஆரம்பம். ஒரு ஆளை உருவாக்கிட்டா போதும்.

— நீலத்துல பண்ணட்டுமா?

— திரும்ப நீலமா? ஆந்தையில பண்ணுங்க.

— ஆந்தையில... ஒருத்தன் இருக்கான். முந்தாநாள் சும்மா சோதிச்சுப் பாக்க உருவாக்கினேன்.

— பாத்தீங்களா! கள்ளன். ஆளையே உருவாக்கி வச்சுக்கிட்டுத்தான் இவ்வளவு சண்டையா? போனை இப்படிக் குடுங்க. நாலு கேள்வியும் நிரப்பியாச்சா?

— நிரப்பினேன். ஆனா அந்தப் பழக்கம் எனக்கு அப்பத் தெரியாது. நாலாவதுக்கு நான்...

— இருங்க, "மேசைக்கு அனுப்பு"... அனுப்பிட்டேன்.

— அனுப்பிட்டியா? படிக்காமயா?

— இங்க படிச்சா என்ன சுவாரசியம்? அஞ்சு மணிக்கு அவரு எல்லார் பக்கத்தையும் பெரிய திரையில போட்டு, நாலாவதை மட்டும் சத்தமா படிப்பாரு. அப்ப எல்லார் கூடவும் சேந்து கேட்டுக்கறேன்.

— சத்தமாவா? அவரேவா?

— அவரேதான். ஏன், வேர்க்குது உங்களுக்கு?

— ஒண்ணுமில்ல. அனுப்பினதுக்கு அப்புறம் மாத்த முடியுமா?

— அஞ்சு மணி வரைக்கும் மாத்தலாம். மாத்தாதீங்க. முதல்ல கையில வந்ததுதான் நிஜமா இருக்கும்னு அவரு சொல்லுவாரு. நான் முன்னாடி போயி நாற்காலி பிடிச்சு வைக்கிறேன். அந்தக் கட்டம் போட்ட சட்டையப் போட்டுக்கிட்டு வாங்க, என்ன?

— வர்றேன். நீ போ. பாத்துப் போ.

— எனக்குச் சந்தோஷமா இருக்குங்க. நெஜமா.

— ம்... போயிட்டா. போன், நான் பேசப் பேச எழுதிக்கோ. குழு நண்பர்களே, வணக்கம். எந்த ஆப் நல்லதுன்னு செவ்வாக்கிழமை உங்களைக் கேட்டவன்தான் நான். அது ஆந்தைன்னு முடிவாயிடுச்சு, அதை விடுங்க. நாலாவது கேள்விக்கு என் பொண்டாட்டி எழுதினது, புருஷன் செத்துட்டான்னு. ஏன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அதே கேள்விக்கு, எந்தப் பழக்கமும் தெரியாமலே நான் முந்தாநாள் எழுதினது, "பொண்டாட்டி கண்ணாடிக்கடைக்காரனோட போயிட்டா". அஞ்சு மணிக்கு அந்தக் கண்ணாடிக்கடைக்காரரே அதை அவ முன்னாடி சத்தமா படிக்கப் போறாரு. அழிச்சுட்டு ஒரு பொய்யை எழுதட்டுமா, இல்ல நிஜம்தானேன்னு விட்டுட்டு அந்த நாற்காலியில போய் உக்காரட்டுமா? மணி இப்ப நாலு பத்து. சிரிக்கிறவங்க தாராளமா சிரிங்க, ஆனா முதல்ல பதிலைப் போட்டுட்டுச் சிரிங்க.