துரையின் நெஞ்சளவு

"ஹலோ... ம், சொல்லுடி... இல்ல, வேலையிலதான் இருக்கேன், பரவால்ல, சொல்லு... ஆமா, சாப்பிட்டேன்... ஆமா ஆமா, நல்லாத்தான் தூங்கினேன்... என்ன, ஒவ்வொண்ணா விசாரிக்கிறே? நீ இப்படியெல்லாம் கேக்குற ஆளே இல்லையே..."

காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, எதிரில் நின்ற நர்ஸின் இடுப்பைச் சுற்றி இஞ்ச் நாடாவைக் கொண்டுவந்தாள் கட்டிங் மாஸ்டர். அந்த ஆஸ்பத்திரியில் இருநூற்றுப் பதினோரு பேருக்குப் புதுச் சீருடை. வெளியூரிலிருந்து வந்து நான்கு நாளில் அளவெடுத்து முடிக்க வேண்டும். இன்று மூன்றாவது நாள். சலவை செய்த போர்வைகள் அடுக்கிய அறை, ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு நோட்டு, கதவுக்கு வெளியே வரிசை. நாடா பட்டதும் நர்ஸ் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள். எல்லாரும் இழுப்பார்கள். மாஸ்டர் நாடாவைத் தளர்த்திப் பிடித்தபடி காத்திருந்தாள். இழுத்த மூச்சை எவரால்தான் எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்க முடியும்?

"என் கதையை விடு. துரை என்ன பண்றான்?... துரை எங்கடி?... கேக்குறேன்ல, ஏன் வாயை மூடிக்கிட்டே?... வெளியவா? வெளியன்னா?... கூரை மேலயா! யாரு வீட்டுக் கூரை?... பின் வீட்டு கார் ஷெட்டா... கயிறு? கயிறு எங்க?... முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. நெஞ்சுப் பட்டையைப் போட்டியா இல்லையா?"

நாடா கையிலிருந்து நழுவியது.

துரை ஓர் இகுவானா, ஓணான் ஜாதியில் பெரியது. வாலோடு சேர்த்தால் அவள் கையைவிட நீளம். பச்சை மங்கிச் சாம்பல் தட்டிய உடம்பு, தாடைக்குக் கீழே தொங்கும் தோல், எதையும் பொருட்படுத்தாத ஒரு பார்வை. அந்தப் பார்வைக்காகத்தான் அந்தப் பெயர். ஆறு வருடமாக அவளோடு இருக்கிறான். அவள் வீட்டில் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்த ஜீவன் வேறு எதுவும் இல்லை. கணவன் மூன்று வருடம். தையல் பழக வந்த பெண்கள் ஆளுக்கு நாலைந்து மாதம். அவள் குரல் உயர்ந்தால் மனிதர்கள் முதலில் சுருங்கினார்கள், பிறகு செருப்பைத் தேடினார்கள். துரை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தான், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். தன்னைத் தன் கோபத்தோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட ஒருவன் உண்டு என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அவனை நான்கே நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தங்கை வீட்டில் விட்டிருந்தாள்.

"பொய் சொல்லாதே... பொய் சொல்லாதடி! போட்டிருந்தா எப்படி ஏறுவான்?... உன்னை எனக்குத் தெரியாதா? எட்டு வயசுல எதிர் வீட்டு நாயை அவுத்து விட்டவதானே நீ? 'பாவமா இருந்துச்சு'ன்னு. அது நேரா போய் தபால்காரர் காலைக் கவ்வுச்சு... சம்பந்தம் இருக்கு! அன்னிக்கும் பாவம், இன்னிக்கும் பாவம். உன் பாவத்துக்கெல்லாம் அடுத்தவங்கதான் கட்டுப் போட்டுக்கணும்... எழுதிக் குடுத்தேன்ல? ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சேன்ல? ஒண்ணு, பட்டை போடாம வாசப்படி தாண்டக் கூடாது. ரெண்டு, தினமும் எடை பாக்கணும். ரெண்டே ரெண்டு வரிடி!"

"என்ன?... நாய்க்குத்தான் கயிறாமா? யாரு, மாப்பிள்ளை சொல்றாரா? பின்னால நின்னு எடுத்துக் குடுக்குறாரா? ஸ்பீக்கர்ல போடு... போடுன்னா போடு. மாப்பிள்ளை, நல்லா கேட்டுக்கோங்க. நாய் தொலைஞ்சா பேர் சொல்லிக் கூப்பிட்டா ஓடி வரும். இவன் வரமாட்டான். ஒரு மணி நேரம் கல்லு மாதிரி கிடப்பான். அடடா, எவ்வளவு சாதுன்னு நீங்க அந்தப் பக்கம் திரும்புற நேரம் பாத்து மரத்து உச்சியில இருப்பான். தெருவுல நாலு பேர் சிரிக்கிறாங்களா? சிரிக்கட்டுமே! ஓணானுக்குக் கயிறான்னு என்னை ஒரு வருஷமா கேலி பண்றாங்க. எனக்கென்ன வேற வேலை இல்லாமலா கட்டுறேன்?... என்ன, இருமலா? போய்த் தண்ணி குடிங்க."

நர்ஸ் இன்னும் கையை விரித்தபடியே நின்றாள். "உங்களை இல்லம்மா. கையை இறக்கிக்கோங்க. வெளிய கொஞ்ச நேரம் உக்காருங்க." கதவைச் சாத்தினாள்.

"வெயில் இருக்கா அங்க?... தகரம் சூடா இருக்கும், அதான் படுத்திருக்கான். மணி நாலரை. வெயில் போச்சுன்னா தகரம் ஜில்லுன்னு ஆயிடும், கிளம்பிடுவான். பக்கத்துல மரம் இருக்கா?... எவ்வளவு பெருசு?... போச்சு. அதுல ஏறினா அவன் எது, கிளை எதுன்னு கண்டுபிடிக்க முடியாது. குளிர்ல விறைச்சுப்போய் ஒரு நாள் பொத்துன்னு விழுவான், அப்பதான் எங்க இருந்தான்னே தெரியும்... அழாதே. அழாதேன்னு சொல்றேன்ல! அழ வேண்டியவ நான்... அங்க என்ன சத்தம்? துடைப்பமா? மாப்பிள்ளை, அதைக் கீழ போடுங்க! ஒட்டடையா அடிக்கப் போறீங்க? ஏணியை விட்டும் இறங்குங்க. வாலால ஒண்ணு வச்சான்னா தோல் பிஞ்சுடும், அப்புறம் அதுக்கும் நான்தான் பேச்சுக் கேக்கணும்."

பஸ்ஸில் போனால் மூன்று மணி நேரம். கூரையில் வெயில் இன்னும் முக்கால் மணி நேரம் நின்றால் அதிகம். அவள் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தாள்.

"என்ன?... புல்லு மேலயா? பட்டையா?... எடுத்துப் பாரு. அறுந்திருக்கா?... தையல் பிரிஞ்சிருக்கா? நல்லா பாரு, என் தையல் பிரியாது... பூட்டினபடியேவா? பக்கிள் திறக்கவே இல்லையா?... சும்மா சொல்லாதே. பூட்டினபடியே எப்படிக் கழலும்? ஒரு வருஷமா தினமும் போடுறேன், ஒரு நாள் கழன்றிருக்கா? ஒரே ஒரு நாள்? கும்முன்னு உக்காரும். என் வீட்டுல கழலாதது உன் வீட்டுல மட்டும் எப்படிக் கழலுது, அதைச் சொல்லு!"

கழுத்தை இறுக்காமல் முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி வரும் பட்டை அது. உள்ளே வெல்வெட் வைத்து, அளவெடுத்து, அவள் கையாலேயே தைத்தது. கூட்டவோ குறைக்கவோ அதில் வழி வைக்கவில்லை. அளவெடுத்துத் தைத்ததற்கு எதற்கு அதெல்லாம்?

"இளைச்சுட்டான். வேற ஒண்ணும் இல்ல. மூணு நாளா அவனைப் பட்டினி போட்டிருக்கீங்க... பூசணித் துண்டா? கீரையுமா?... மூணு வேளையுமா?... எடை? பாத்தியா?... இன்னிக்குக் காலையிலயும்?... அதே எடையா. உன் தராசு தப்பா இருக்கும்... சரி, ஃபோட்டோ அனுப்பு. காலையில எடுத்ததே போதும், அனுப்பு."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். தங்கையின் கணவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் தோளில், பிழிந்து போட்ட துண்டுபோல், நான்கு காலும் தொங்க, கண்ணை மூடி ஏதோ ஒன்று கிடந்தது. ஒடுங்கிய விலா, மடிந்து கிடந்த தொண்டைத் தோல்.

"யாருடி இது?... இது துரை இல்ல. இது வேற எதையோ... அவன் உடம்பு எனக்குத் தெரியாதா? உருண்டையா, கல்லு மாதிரி இருப்பான். கட்டு உடம்பு. இது என்ன, தொளதொளன்னு... என்ன சொல்றே? முதல் நாள் அப்படித்தான் இருந்தானா?... அப்புறம்?... காத்து இறங்கின மாதிரியா?... பயந்தா ஊதிக்குவான், அது எனக்குத் தெரியும். எனக்கே பாடம் எடுக்கிறியா? எதிரி வந்தா உடம்பைப் பெருசா காட்டுவான். கழுகு வந்தா, நாய் வந்தா மூச்சை இழுத்து உப்பிக்கிட்டு, அடுத்தவன் போற வரைக்கும் அப்படியே..."

அவள் பார்வை மேசைமேல் கிடந்த அளவு நோட்டில் விழுந்தது.

காலையில் கடைக்குக் கிளம்புமுன் அவனை மாடிக்குத் தூக்கிப் போவாள். ஒரு கை அவன் முதுகில் இருக்கும், மறு கை பட்டையைப் பூட்டும், வாய் யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும். பித்தான் கடைக்காரனை, மாடி வீட்டுக்காரியை, முக்கால்வாசி நாள் இதே தங்கையை. கையின் கீழே அவன் உடம்பு கெட்டியாக இருக்கும். அந்தக் கெட்டி அவளுக்குப் பிடித்திருந்தது. உறுதி என்று நினைத்திருந்தாள். அவனுக்கு அளவெடுத்த அன்றும் அப்படித்தான் இருந்தான். இருபத்திரண்டு வருடத் தொழிலில் எவர் பிடித்து வைத்த மூச்சையும் அவள் நோட்டில் ஏற்றியதில்லை. இவனுக்கு மட்டும் அதைத்தான் ஏற்றியிருக்கிறாள். அந்தப் பட்டை ஒரு வருடம் கழலாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

"...லைன்லதான் இருக்கேன்... ஒண்ணும் இல்ல... ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல!... கத்தல... சரி, கத்தினேன்."

தங்கை மேல் இப்போது வந்த கோபம் முன்னதைவிடக் கடுமையாக இருந்தது. அவள் தப்புச் செய்திருந்தால் மன்னித்திருக்கலாம்.

"நீ பட்டை போட்டுத்தான் விட்டிருக்கே. ஆமா... ஆமா, ஒத்துக்கிறேன். எத்தனை தடவை சொல்லணும்? பத்திரத்துல எழுதித் தரணுமா?... சரி, கேளு. நேரம் இல்ல. நீ ஏறு. நீ மட்டும்... உன்கிட்டதான் வருவான். ஏன்னு கேக்காதே, ஏறு. மாப்பிள்ளை ஏணியைப் பிடிச்சுக்கட்டும், வாயை மட்டும் திறக்க வேணாம். ஸ்பீக்கரை அணைச்சுட்டு போனைக் காதோட இடுக்கிக்கோ... இடுக்குடி. என் குரல் அவனுக்குக் கேக்க வேணாம்."

கதவு தட்டப்பட்டது. அவள் திரும்பவில்லை. பேசும்போது உதடு மட்டும் அசைந்தது.

"ஏறிட்டியா?... பாக்குறானா?... மேலேர்ந்து கையைக் கொண்டு போகாதே. பக்கவாட்டுல... தொண்டைத் தோலை விரிச்சிருக்கானா?... மடிச்சுத்தான் இருக்கா. நல்லது... பூசணியை நீட்டு... வரலைன்னா விடு. அப்படியே உக்காரு. நீ பாட்டுக்கு உக்காரு... ம்... ம்... வாலைத் தொடாதே, வால் தனியா கழண்டு வந்துடும்... உள்ளங்கையை நெஞ்சுக்கு அடியில... ம்..."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தகரம் ஒருமுறை மடங்கி நிமிர்ந்த ஓசை மட்டும் வந்தது.

"வந்துட்டானா?... உன் கையிலயா?... இறங்கு. பாத்து இறங்கு, நீ வேற விழுந்து தொலைக்காதே... உள்ள போ. கதவைச் சாத்து... ஜன்னல்?... சாத்திட்டியா?"

அவள் போர்வை அடுக்கின் மேல் உட்கார்ந்தாள்.

"இரு, வைக்காதே. இஞ்ச் நாடா இருக்கா உன்கிட்ட?... சரி, நூல் போதும். ரெண்டு கையும் வேணுமா? ஸ்பீக்கர்லயே போட்டுக்கோ, நான் மெதுவா பேசுறேன்... எங்க இருக்கான்?... மடியிலயா. ம். முன்காலுக்குப் பின்னால ஒரு சுத்து சுத்து. இறுக்காதே. மூச்சை விடட்டும்... விட்டானா? இப்ப பிடி. ஸ்கேல்ல வச்சுப் பாரு... பதினொண்ணா? சரியா பதினொண்ணா?... நான் பன்னிரண்டரை வச்சிருந்தேன்."

நோட்டை எடுத்து, நர்ஸின் பெயருக்குக் கீழே அவள் எழுதினாள்: துரை. நெஞ்சு 11.

"புதுசு தைக்கிறேன்... பதினொண்ணுலதான்... தெரியும்டி. என் வீட்டுல பூட்டாதுன்னு தெரியும்... எதுக்கு ரெண்டு துளை? உப்பினா ஒண்ணு, உப்பலைன்னா ஒண்ணா? அதெல்லாம் வேணாம். ஒரே துளை... பூட்டலைன்னா என்ன? அன்னிக்கு வெளிய போகமாட்டோம், அவ்வளவுதான்... எத்தனை நாளானாலும்தான். வீட்டுக்குள்ளேயே உக்காந்திருப்போம், ரெண்டு பேரும்... என்னது?... கொஞ்ச நாள் உன்கிட்டயேவா? ஓ. இதுக்குத்தான் அவ்வளவு பூசணியா? இதுக்குத்தான் ஃபோட்டோவா? ஏய், இங்க பாரு, அவன் என் துரை! ஆறு வருஷம்டி! நாளைக்கு சாயங்காலம் இங்க முடிஞ்ச உடனே பஸ் ஏறி நேரா அங்க வந்து நிக்கிறேன், எவ தடுக்கிறான்னு பாக்கிறேன்... என்ன?... யாரு?... இப்பவா?... மறுபடியும் உப்புறானா?... ஐயோ, ஸ்பீக்கர்!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் போனை அணைத்தாள்.