மஞ்சள் பூத்த உள்ளங்கை

ஆர்வித்: கையைக் காட்டு, மாப்ள.

லெஸ்டர்: வந்ததும் வராததுமா என்ன கை? முதல்ல உள்ள வா, மச்சான். கதவைச் சாத்து, சாரல் அடிக்குது.

ஆர்வித்: காட்டுன்னேன்.

லெஸ்டர்: இந்தா, பார்த்துக்கோ. ஜோசியம் சொல்லப் போறியா?

ஆர்வித்: இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு...

லெஸ்டர்: மூணு வருஷமா அப்படித்தான் இருக்கு. இன்னிக்கா மாறப்போகுது? உட்காரு. காபி இருக்கு.

ஆர்வித்: இங்கா எங்கே?

லெஸ்டர்: உன் தங்கச்சி சர்ச்சுல இருக்கா. சனிக்கிழமை மீன் விருந்துக்கு உருளைக்கிழங்கு உரிக்கிறாளாம். நாலு மணிக்குத்தான் வருவா.

ஆர்வித்: நல்லதாப் போச்சு.

லெஸ்டர்: ஏன்? சண்டையா?

ஆர்வித்: கடுதாசி வந்துச்சா உனக்கு?

லெஸ்டர்: ஓ... அதுவா. வந்துச்சு. உனக்கு?

ஆர்வித்: ம்.

லெஸ்டர்: படிச்சியா?

ஆர்வித்: கண்ணாடி கிடைக்கல.

லெஸ்டர்: மூக்கு மேலதானே இருக்கு?

ஆர்வித்: பாதி படிச்சேன். போதுமா? மீதியை நீ சொல்லு.

லெஸ்டர்: சொல்ல என்ன இருக்கு... ஆராய்ச்சியை நிறுத்திட்டாங்க. இனிமே ஒரு மாத்திரை கூட முழுங்காதீங்க, பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கன்னு எழுதியிருக்கான்.

ஆர்வித்: அதுவரைக்கும் நானும் படிச்சேன். ஏனாம்?

லெஸ்டர்: முதல்ல ஒரு வாய் காபி குடி.

ஆர்வித்: லெஸ்டர்!

லெஸ்டர்: மாத்திரை சாப்பிட்டவங்கள்ல நுரையீரல் புத்துநோய் கூடிப்போச்சாம். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு. சிகரெட் பிடிச்சவங்க, ஆஸ்பெஸ்டாஸ் தூசி தின்னவங்க...

ஆர்வித்: கூடிப்போச்சா? குறைக்கத்தானேய்யா கொடுத்தாங்க!

லெஸ்டர்: அதான்.

ஆர்வித்: அந்த நர்ஸம்மா படம் போட்டு விளக்கினாளே! உடம்புக்குள்ள துரு பிடிக்குது, புகையும் தூசியும் அந்தத் துருவைக் கூட்டுது, இந்தக் காரட் சத்து மேல பெயின்ட் அடிச்ச மாதிரி காப்பாத்தும்னு... அதுக்கு ஒரு பேர் சொன்னாளே, வாயில நுழையாம...

லெஸ்டர்: ஆன்டி-ஆக்சிடன்ட்.

ஆர்வித்: அந்தக் கருமம்தான்.

லெஸ்டர்: காரட்டாத் தின்னா ஒரு குத்தமும் இல்லையாம். கேப்சூலுக்குள்ள அத்தனையையும் அடைச்சு, புகை குடிச்ச நெஞ்சுக்குள்ள தினம் இறக்கினா, அந்தச் சத்தே திரும்பிக்கிட்டுத் துருவாயிடுதோ என்னமோன்னு சந்தேகப்படறாங்க. டாக்டர்களுக்கே சரியாப் புரியல.

ஆர்வித்: அப்போ நிஜ மாத்திரை கிடைச்சவன் செத்தான்.

லெஸ்டர்: அப்படி இல்ல. கொஞ்சம் ஆபத்து கூட. அவ்வளவுதான்.

ஆர்வித்: பாதிப் பேருக்கு நிஜம், பாதிப் பேருக்கு வெறும் மாவு. அப்படித்தானே சொன்னாங்க?

லெஸ்டர்: ஆமா. யாருக்கு எதுன்னு நர்ஸுக்கே தெரியாதுன்னாங்க. ஆனா இப்போ போன் பண்ணினா சொல்றாங்க. கடுதாசி அடியில நம்பர் இருக்கு பாரு.

ஆர்வித்: நீ பண்ணிட்டியா?

லெஸ்டர்: காலையிலேயே.

ஆர்வித்: பண்ணிட்டு என்கிட்ட சொல்லாம காபி ஊத்திக்கிட்டு இருக்கே!

லெஸ்டர்: நீ எங்கே பேச விட்டே? கையைக் காட்டு, காலைக் காட்டுன்னு...

ஆர்வித்: சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும். உன் கை சொல்லுது. அந்தச் சத்து உள்ள போனா தோல் மஞ்சளாகும்னு கிளினிக்ல உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தன் கையை ஒருத்தன் பார்த்துக்கிட்டுத்தானே கிடந்தோம். உன் கையைப் பார்த்துட்டு அந்த வெல்டர் கஸ் என்ன சொன்னான்? "லெஸ்டர் லாட்டரி அடிச்சுட்டான்"னான்.

லெஸ்டர்: எனக்கு மாவுதான், மச்சான்.

ஆர்வித்: ...என்னது?

லெஸ்டர்: வெறும் மாவு. ஆரம்பத்துலேர்ந்தே.

ஆர்வித்: விளையாடாதே.

லெஸ்டர்: ரெண்டு தடவை கேட்டேன். மாவுதானாம்.

ஆர்வித்: மாவு... ஹா! மாவா? ஹா ஹா... ஐயோ சாமி... மாவு!

லெஸ்டர்: என்னடா இப்படிச் சிரிக்கிறே? மூச்சு முட்டப் போகுது, மெதுவா...

ஆர்வித்: நான் பிழைச்சேன், மாப்ள!

லெஸ்டர்: நீயா? எனக்கு மாவுன்னா நீ எப்படிப் பிழைச்சே?

ஆர்வித்: இல்ல... நீ பிழைச்சே. அந்தச் சந்தோஷம்தான். இருக்கக் கூடாதா?

லெஸ்டர்: இருக்கலாம். ஆனா நான் ஃபோர்மேன் ஆனப்போ நீ இப்படிச் சந்தோஷப்படலையே.

ஆர்வித்: அதை ஏன் இழுக்கறே? கப்பல் கட்டுற யார்டுல உனக்கு நாலு மாசம் முன்னாடி சேர்ந்தவன் நான். ஃபோர்மேனோட வெள்ளைத் தொப்பி உனக்கு. குலுக்கல்ல படகு விழுந்தா உனக்கு. சரி, விடு. ஆனா ரெண்டு பேரும் ஒரே பாய்லர் ரூம்லதானே அந்த வெள்ளைத் தூசியைத் தின்னோம்? ஒரே பாக்கெட் சிகரெட்டைத்தானே ஊதினோம்? நீ சால்மன் மீன் பிடிக்கப் போறே. நான் இந்த வீட்டு வாசல்ல அஞ்சு படி ஏற, மூணாவது படியில நின்னு கைப்பிடியைக் கட்டிக்கிறேன்.

லெஸ்டர்: நான் பத்து வருஷம் முன்னாடியே சிகரெட்டை விட்டேன். நீ இன்னிக்கும் பையில வெச்சிருக்கே.

ஆர்வித்: கொடுத்து வெச்சவன் விடுவான். உனக்குத் தட்டுல சாப்பாடு வைக்க என் தங்கச்சி இருக்கா. எனக்கு யாரு இருக்கா? நான் தகர டப்பாவைத் திறந்து சூப் குடிக்கிறவன்.

லெஸ்டர்: ஞாயித்துக்கிழமை இங்கேதானே திங்கறே?

ஆர்வித்: அதையும் சொல்லிக் காட்டு.

லெஸ்டர்: சொல்லிக் காட்டல... உனக்கு இவ்வளவு வயித்தெரிச்சல் இருக்கும்னு எனக்குத் தெரியாது, மச்சான்.

ஆர்வித்: வயித்தெரிச்சல்தான். இல்லைன்னு யார் சொன்னா? உன் கை மஞ்சளானப்போ எனக்கு ஒரு வாரம் தூக்கம் இல்ல. உயிரு நீள்றதுக்கு ஒரு மாத்திரை கண்டுபிடிச்சாங்க, அதுவும் இவனுக்கே போய் விழுதே கடவுளேன்னு... இரு. இரு, இரு. மாவுன்னா கை எப்படி மஞ்சளாச்சு?

லெஸ்டர்: அது... வேற விஷயம்.

ஆர்வித்: என்ன வேற விஷயம்?

லெஸ்டர்: சிரிக்கக் கூடாது.

ஆர்வித்: சொல்லு.

லெஸ்டர்: இங்கா டிவியில பார்த்துட்டு ஒரு ஜூஸ் மிஷின் வாங்கினா. கிறிஸ்துமஸுக்கு. அன்னிலேர்ந்து தினம் காலையில ஒரு பெரிய டம்ளர் காரட் ஜூஸ்.

ஆர்வித்: காரட் ஜூஸ்...

லெஸ்டர்: சில நாள் ரெண்டு டம்ளர். கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சுடுவேன்.

ஆர்வித்: என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?

லெஸ்டர்: எப்படிச் சொல்வேன்? சொல்லியிருந்தா மறுநாளே யார்டு பூரா எனக்கு முயல்னு பேர் வெச்சிருப்பே. நர்ஸ்கிட்டகூடச் சொல்லல. கேட்கிறவனெல்லாம் மாத்திரையாலன்னு நினைச்சான். நானும் நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஆர்வித்: மூணு வருஷம்... வெறும் காரட்டா...

லெஸ்டர்: ஏன், மூஞ்சி இப்படி வெளிறுது? உனக்கும் மாவுதான், பயப்படாதே. உன் கை எப்பவாவது மஞ்சளாச்சா?

ஆர்வித்: இல்ல.

லெஸ்டர்: அப்புறம் என்ன? எதுக்கும் ஒரு போன் பண்ணிக் கேட்டுடு.

ஆர்வித்: வேண்டாம்.

லெஸ்டர்: பாட்டிலைக் கொண்டு வந்திருக்கியா?

ஆர்வித்: கோட்டுப் பையில இருக்கு. வேண்டாம் மாப்ள. தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

லெஸ்டர்: ரெண்டு நிமிஷ வேலை. இந்தா, நானே நம்பரைச் சுத்திட்டேன். பிடி. மணி அடிக்குது.

ஆர்வித்: டேய்... ஹலோ? ஆமாம்மா... மாத்திரை விஷயமாத்தான். ஆர்வித் ஹாகன். பாட்டில் நம்பரா... நாலு, நாலு, ஒண்ணு, ஏழு. இருக்கேம்மா... என்ன?... இன்னொரு தடவை பாருங்க. ஒண்ணு, ஏழு... ஓ. முதல்லேர்ந்தேவா? நடுவுல ஒரு பாட்டில்கூட மாத்திக் கொடுக்கலையா?... இல்லம்மா, மயக்கமெல்லாம் இல்ல. பக்கத்துல ஆள் இருக்காங்க. சரி... சரிம்மா.

லெஸ்டர்: மச்சான்? என்ன சொன்னா?

ஆர்வித்: நிஜமாம்.

லெஸ்டர்: உனக்கா? நிஜ மாத்திரையா?

ஆர்வித்: என் பேருக்குக் கொடுத்தது பூரா நிஜம்தானாம்.

லெஸ்டர்: கை மஞ்சளாகவே இல்லையே...

ஆர்வித்: இல்லையே.

லெஸ்டர்: சரி, ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி. இங்கே பாரு, மச்சான். மாத்திரை சாப்பிட்டவன் எல்லாருக்கும் வரல. தெளிவா எழுதியிருக்கான். நாளைக்குக் காலையில முதல் ஃபெர்ரிக் கப்பல்ல வண்டியை ஏத்திக்கிட்டு அக்கரைக்குப் போறோம். எக்ஸ்ரே எடுக்கறோம். நான் கூட வர்றேன்.

ஆர்வித்: நீ ஒழுங்கா முழுங்கினியா?

லெஸ்டர்: எதை?

ஆர்வித்: உன் மாத்திரையை. தினமுமா முழுங்கினே?

லெஸ்டர்: என் மாவைப் பத்தி இப்போ என்ன?

ஆர்வித்: கேட்டதுக்குப் பதில் சொல்லு! நடுவுல மறந்திருப்பே. மீன் பிடிக்கப் போனப்போ... அலாஸ்கா போனப்போ...

லெஸ்டர்: ஒரு நாள் விட்டதில்ல. உன் தங்கச்சி விடுவாளா? முழுங்கினதும் காலண்டர்ல டிக் போடுவா. அலாஸ்காவுக்கும் டப்பாவுல போட்டுக் கொடுத்தா.

ஆர்வித்: ஒண்ணுகூடவா? சாக்கடையில கீக்கடையில கொட்டலையா? நல்லா யோசிச்சுப் பாரு, மாப்ள. உன்னைக் கும்பிடறேன்.

லெஸ்டர்: எதுக்கு அழறே? அட... இப்படி உட்காரு. தண்ணி குடி.

ஆர்வித்: அந்த இருமல் எத்தனை நாளா இருக்கு உனக்கு?

லெஸ்டர்: எந்த இருமல்? இதுவா? குளிருக்கு வந்தது. தேங்க்ஸ்கிவிங்லேர்ந்து இருக்கு.

ஆர்வித்: ரெண்டு மாசம்...

லெஸ்டர்: என்னை விடு. உன்னைப் பார்ப்போம். நான் ஒண்ணு சொல்லட்டுமா? உனக்குப் போய் இது வந்ததுக்கு எனக்கு வந்திருக்கலாம். எனக்காவது நெஞ்சுல கொஞ்சம் தெம்பு இருக்கு. தாங்கியிருப்பேன்.

ஆர்வித்: வாயை மூடு!

லெஸ்டர்: நிஜமாத்தான் சொல்றேன். வாழ்க்கை பூரா நல்ல சீட்டெல்லாம் எனக்கே விழுந்துச்சு. நீ பொறாமைப்பட்டா அதுல ஒரு நியாயம் இருக்கு. நான் தப்பா எடுத்துக்கல.

ஆர்வித்: இப்படிப் பேசாதே... என்னை நாலு அறை அறைஞ்சாகூடத் தாங்கிக்குவேன்.

லெஸ்டர்: உன்னை எதுக்குடா அறையணும்? இங்கா வரட்டும், நான் பக்குவமாச் சொல்றேன். அண்ணனுக்கு ஒண்ணுன்னா துடிச்சுப் போயிடுவா. நாளைக்கு அவளும் வரட்டும். எக்ஸ்ரே ரூமுக்குள்ள நீ போறப்போ நாங்க ரெண்டு பேரும் வெளியில இருக்கோம். சரியா?

ஆர்வித்: உள்ளே போக வேண்டியது நீ, மாப்ள.

லெஸ்டர்: நானா? எனக்கு எதுக்கு?

ஆர்வித்: கிளினிக்லேர்ந்து திரும்பறப்போ ஒவ்வொரு தடவையும் நான் ஃபெர்ரியோட கீழ்த்தட்டுல வண்டியை விட்டு இறங்க மாட்டேன்ல... படி ஏற முடியாதுன்னு. நீ மேல்தட்டுக் கடைக்குப் போய் எனக்கும் சேர்த்து டோனட் வாங்கிட்டு வருவே. நீ வர்றதுக்குள்ள ரெண்டு பாட்டிலையும் மடியில கவிழ்த்து, உன்னோடதை என் பாட்டில்ல போட்டுக்குவேன், என்னோடதை உன் பாட்டில்ல போட்டுடுவேன். உன் கை மஞ்சளான நாள்லேர்ந்து, மூணு வருஷமா. உன் மாவைத்தான் நான் தின்னேன், லெஸ்டர்... எனக்குக் கொடுத்த மாத்திரை பூராவையும் முழுங்கினது நீ.